‘சலூனில் மட்டும்’ என்ற வாக்கு யார் கையில் இருக்கிறது?

தலையை அலசி, ஈரம் ஒற்றி, உலர்த்தி முடித்ததும் நாற்காலியில் இருப்பவர் முதலில் தன் முடியைத்தான் தடவிப் பார்ப்பார். "என்னங்க போட்டீங்க இன்னைக்கு? கை வழுக்கிட்டுப் போகுதே!" என்பார். முடி திருத்துநர் கண்டிஷனர் பாட்டிலை எடுத்துக் காட்டுவார். எவ்வளவு எடுக்க வேண்டும், வேரில் படாமல் நுனியில் மட்டும் ஏன் தடவ வேண்டும், எத்தனை நிமிடம் விட்டு அலச வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். வாடிக்கையாளர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, கைபேசியை எடுத்து பாட்டிலின் முகப்பைப் படம் பிடிப்பார். வாசல் தாண்டுவதற்குள் அதே பாட்டிலைக் குறைந்த விலைக்கு ஏதோ ஓர் ஆன்லைன் கடையில் ஆர்டர் போட்டிருப்பார்.

இதில் வாடிக்கையாளர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. ஒரே பொருள் இரண்டு இடத்தில் கிடைத்தால் மலிவான இடத்தில் வாங்குவது யாருக்கும் இயல்பு. முடி திருத்துநரும் ஒரு குறையும் வைக்கவில்லை, தெரிந்ததை மனதாரச் சொன்னார். ஆனாலும் அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு விற்பனை நடந்தது. உழைப்பு ஓரிடம், வருமானம் வேறிடம். அழகு நிலையங்கள் தொழில்முறைப் பொருட்களை விற்கப் படும் பாட்டை "பெரிய கடைக்காரர்கள் விலையைக் குறைக்கிறார்கள்" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். விலையும் காரணம்தான், ஆனால் அது கடைசியாக வரும் காரணம். ‘சலூனில் மட்டுமே கிடைக்கும்’ என்ற வாக்கை யார் கொடுத்தார்கள், அதை யாரால் காப்பாற்ற முடியும் என்பதிலிருந்து தொடங்கினால்தான் மற்றவை விளங்கும்.

வாக்கு பிறந்த கதை

முடி திருத்துநர் வழியாகப் பொருளை விற்பது பழைய யோசனை. வேதியியல் படித்த ஒய்ஜென் ஷ்யூலர், தான் தயாரித்த தலைச்சாயத்தைப் பாரிஸ் நகரத்து முடி திருத்துநர்களிடம்தான் கொண்டுபோய் விற்றார். 1909-இல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய லோரியால். 1960-இல் நடிகை பாலா கென்ட்டும் முடி திருத்துநர் ஜெரி ரெடிங்கும் சேர்ந்து ரெட்கென் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இருவர் பெயரையும் ஒட்டிச் செய்த பெயர் அது. 1980-இல் முடி அலங்காரக் கலைஞர் பால் மிட்செலும் ஜான் பால் டிஜோரியாவும் தொடங்கிய நிறுவனமும் சலூன்களை நம்பியே வளர்ந்தது.

தயாரிப்பாளருக்கு இதில் என்ன லாபம்? பெரிய கடையின் அலமாரியில் இடம் பிடிக்கவே பணம் வேண்டும், விளம்பரத்துக்கு அதற்கு மேல் வேண்டும். புதிதாகத் தொடங்குபவரிடம் இரண்டும் இருக்காது. சலூனில் இவை தேவையில்லை. தன் தலையையே ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர், அவர் சொல்லும் ஷாம்புவை எளிதில் நம்புவார். பொருளை மேலே போட்டுக் காட்டி, பலனைக் கண்ணாடியிலேயே காட்டி, வீட்டில் எப்படிப் பயன்படுத்துவது என்றும் சொல்லிக் கொடுக்கும் ஆள் சலூனில் இருக்கிறார். அவருக்குத் தயாரிப்பாளர் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. அதற்குக் கைமாறாகக் கொடுக்கப்பட்டதுதான் அந்த வாக்கு: "இந்தப் பொருளை உங்களிடம் மட்டும் கொடுப்போம், சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகாது."

இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு சாய்வு இருக்கிறது. சலூன் தன் பங்கை முதலிலேயே செலுத்திவிடுகிறது. முதல் ஆர்டராக ஒரு பெரிய தொகைக்குச் சரக்கு எடுக்க வேண்டும், அலமாரியில் இடம் ஒதுக்க வேண்டும், ஊழியர்களைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும், சாய வரிசை முழுவதையும் அந்தக் கம்பெனிக்கே மாற்ற வேண்டும். தயாரிப்பாளர் தன் பங்கை வருங்காலத்தில் செலுத்துகிறார். அதுவும் அவர் கொள்கை மாறாத வரைதான். நிறுவனம் கை மாறலாம், புதிய முதலாளிக்கு வேகமான வளர்ச்சி தேவைப்படலாம், ஒரு கூட்டத்தில் முடிவெடுத்து மறு காலாண்டில் எல்லாக் கடைகளிலும் பாட்டிலை இறக்கிவிடலாம். சலூனிடம் யாரும் கேட்க மாட்டார்கள். ரெட்கென்னை 1993-இல் லோரியால் வாங்கியது. ஜெர்மனியில் 1880-இல் தொடங்கிய வெல்லா என்ற முடிப் பொருள் நிறுவனம் 2003-இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கைக்குப் போய், 2016-இல் கோட்டி என்ற அழகுசாதன நிறுவனத்துக்குப் போய், 2020-இல் பெரும்பங்கு கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குப் போனது. இந்தக் கைமாற்றங்களின்போது அந்தச் சாயத்தை நாள்தோறும் கலக்கிக்கொண்டிருந்தவர்களுக்குச் செய்தித்தாள் படிப்பவரை விட அதிகமாக எதுவும் தெரிந்திருக்காது.

லேபிளுக்காக நடந்த வழக்கு

தயாரிப்பாளர் மனதாரக் காப்பாற்ற நினைத்தாலும் முடியாது என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த லான்ஸா ரிசர்ச் என்ற நிறுவனம் ஷாம்பு, கண்டிஷனர் வகைகளைத் தயாரித்தது. அமெரிக்காவுக்குள் குறிப்பிட்ட விநியோகஸ்தர்களுக்கு மட்டும் விற்றது. அவர்கள் தங்கள் பகுதிக்குள், முடி திருத்தகம், அழகு நிலையம், தொழில் கற்பிக்கும் பள்ளி ஆகியவற்றுக்கு மட்டும்தான் கொடுக்கலாம் என்பது ஒப்பந்தம். மலிவான பொருட்களோடு ஒரே அலமாரியில் வைத்தால் தன் பொருளுக்கு அந்த விலை கொடுக்க மக்கள் முன்வருவதில்லை என்பது அந்த நிறுவனம் கண்டறிந்த பாடம். அதனால்தான் இவ்வளவு கட்டுப்பாடு.

வெளிநாட்டில் நிலைமை வேறு. அங்கே அதே அளவு விளம்பரமும் பயிற்சியும் இல்லை, அதனால் விலை 35 முதல் 40 சதவீதம் குறைவு. பிரிட்டனில் இருந்த விநியோகஸ்தர் வழியாக மூன்று முறை டன் கணக்கில் சரக்கு மால்டாவுக்குப் போனது. போன சரக்கு பல கைகள் மாறி, கடல் தாண்டித் திரும்ப அமெரிக்காவுக்கே வந்து, ஒப்பந்தம் இல்லாத கடைகளில் தள்ளுபடி விலையில் வைக்கப்பட்டது. அசல் பொருள்தான், போலி இல்லை, திருட்டும் இல்லை. ஏற்றுமதி விலைக்கும் உள்நாட்டு விலைக்கும் இருந்த இடைவெளிதான் அதைச் சுற்றிவரச் செய்தது.

லான்ஸா நீதிமன்றம் போனது. பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல் கடைசியில் அது பிடித்தது பாட்டில் மேல் ஒட்டியிருந்த லேபிளை. லேபிளின் பதிப்புரிமை எங்களுடையது, எங்கள் அனுமதி இல்லாமல் அதை இறக்குமதி செய்தது தவறு என்று வாதிட்டது. 1998 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது: ஒரு முறை முறைப்படி விற்றுவிட்டால், அந்தப் பிரதியின் மீது விற்பனை உரிமை முடிந்துவிட்டது, வாங்கியவர் அதை யாருக்கும் விற்கலாம். எதிர்த்தரப்பில் இருந்த குவாலிட்டி கிங் என்ற விநியோக நிறுவனம் வென்றது.

தொழிலில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட சரக்கைத் ‘திசைமாறிய சரக்கு’ என்று சொல்வதுண்டு. அது எங்கிருந்தெல்லாம் கிளம்புகிறது என்று பார்த்தால் மனம் கனக்கும். கணக்கு எட்டுவதற்காக அளவுக்கு மீறி எடுக்கும் விநியோகஸ்தர், வருடக் கடைசியில் தேங்கிய சரக்கைக் கண் மூடித் தள்ளிவிடுகிறார். மூடப்படும் சலூனின் மிச்சச் சரக்கை யாரோ மொத்தமாக எடுக்கிறார். அதிக அளவு வாங்கினால் அதிகத் தள்ளுபடி என்ற திட்டத்தைப் பார்த்து, தேவைக்கு மூன்று மடங்கு வாங்கி, மிச்சத்தைப் பின்வாசல் வழியாக விற்கும் சலூன்காரர்களும் இருக்கிறார்கள். தன் தொழிலுக்குத் தானே குழி பறிப்பது அது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் பழி முழுவதும் பெரிய கடைகள் மேல் போய்விடும்.

எங்கிருந்து கசிந்தது என்று கண்டுபிடிக்கத் தயாரிப்பாளர் பாட்டில் அடியில் பேட்ச் எண் அச்சிடுகிறார். கசியவிடுபவர் அதைச் சுரண்டி எடுத்துவிடுகிறார். எண் இல்லாத பாட்டிலில் நாளை ஏதாவது கோளாறு தெரிந்து திரும்பப் பெற வேண்டி வந்தால், அது எந்தத் தயாரிப்பில் வந்தது என்று யாருக்கும் தெரியாது. எத்தனை வருடம் எந்தச் சூட்டில் கிடந்தது என்பதும் தெரியாது. மலிவாக வாங்கியவருக்கு உண்மையாகவே நஷ்டம் வரக்கூடிய இடம் இது, சலூனில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஐரோப்பாவில் சட்டம் கொஞ்சம் வேறு பக்கம் சாய்ந்திருக்கிறது. 2011-இல் லோரியாலுக்கும் ஈபேக்கும் நடந்த வழக்கில், அழகுசாதனப் பொருளின் பெட்டியைப் பிரித்துவிட்டு விற்பது, கட்டாயம் இருக்க வேண்டிய விவரங்கள் அதனால் காணாமல் போனாலோ பிராண்டின் மதிப்பு கெட்டாலோ, வணிகச் சின்ன உரிமையை மீறுவதாகும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. 2017-இல் கோட்டி தொடுத்த வழக்கில், ஆடம்பரப் பொருள் தயாரிப்பாளர் தன் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்களை, மற்றவர் நடத்தும் ஆன்லைன் சந்தைகளில் விற்கக் கூடாது என்று தடுக்கலாம் என்றும் தீர்ப்பு வந்தது. ஆனால் கவனித்துப் பாருங்கள்: வழக்குப் போட்டவர்கள் எல்லோரும் தயாரிப்பாளர்கள். அந்த உரிமையைப் பயன்படுத்துவதும் பயன்படுத்தாமல் விடுவதும் அவர்கள் விருப்பம். சலூன் இந்த வழக்குகளில் ஒரு தரப்பே இல்லை.

அலமாரியின் கணக்கு

விலைக்கு வருவோம். ஒரு பாட்டிலின் விற்பனை விலை 100 என்றும் சலூனுக்கு அது 55-க்குக் கிடைக்கிறது என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். விற்றுக் கொடுத்த ஊழியருக்குக் கமிஷன் 10. மிச்சம் 35. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டில் அலமாரியில் எத்தனை நாள் நின்றது? ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு வகை, வகைக்கு ஆறு பாட்டில் என்றால் எழுபத்திரண்டு பாட்டில்களின் பணம் முடங்கிக் கிடக்கிறது. அவற்றில் மூன்று வகை ஓடும், நான்கு வகை நடக்கும், மீதி தூசி படிந்து நிற்கும். நின்றவற்றை விநியோகஸ்தர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். ஓடிய பாட்டிலில் வந்த லாபம் நின்ற பாட்டிலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பெரிய கடைக்குக் கணக்கே வேறு. அது கொள்முதல் செய்யும் அளவுக்கு அடக்க விலையே இறங்கிவிடும். அலமாரியில் வாரக்கணக்கில் நிற்காமல் ஓடுவதால் பாட்டிலுக்கு 15 கிடைத்தாலே போதும். சில சமயம் அதுவும் வேண்டாம். பெயர் தெரிந்த பாட்டிலை அடக்க விலைக்கே கொடுத்து ஆளை உள்ளே இழுத்து, வேறு பத்துப் பொருளில் அதை எடுத்துக்கொள்ளும். சலூனில் இழுத்துப் பிடிக்க வேறு பத்துப் பொருள் இல்லை. அதனால் பெரிய கடையோடு விலையில் மல்லுக்கட்டும் சலூன் தோற்பது உறுதி. தள்ளுபடிப் பலகை மாட்டிய அலமாரியை எங்கே பார்த்தாலும், யாரோ தப்பான களத்தில் இறங்கிவிட்டார் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

பொருள் உண்மையிலேயே உசத்தியா?

வாடிக்கையாளர் மனதில் ஓடும் இந்தக் கேள்விக்குச் சலூன்கள் நேராகப் பதில் சொல்வதில்லை. சொல்லாமல் மழுப்புவதால்தான் சந்தேகம் வளர்கிறது.

சில பொருட்களில் ‘தொழில்முறை’ என்ற சொல்லுக்குச் சட்டப்படியே பொருள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுசாதன விதிகளில், முடியைச் சுருட்டவும் நேராக்கவும் பயன்படும் தயோகிளைகாலிக் அமிலம் பொதுமக்களுக்கான பொருளில் 8 சதவீதம் வரைதான் இருக்கலாம், தொழில்முறைப் பொருளில் 11 சதவீதம் வரை. ஜெல் நகப்பூச்சில் வரும் ஹெமா என்ற பொருள் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாக்கக்கூடியது. 2021 முதல் அது சேர்ந்த நகப்பூச்சு அங்கே தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும். இதிலெல்லாம் பயிற்சி பெற்ற கை வேண்டும் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

தலைச்சாயத்தில் வேறுபாடு பாட்டிலுக்குள் இல்லை, கலக்கும் கையில் இருக்கிறது. சலூனில் சாயக் குழாய் தனி, அதோடு கலக்கும் பெராக்சைடு கலவையான டெவலப்பர் தனி. டெவலப்பரின் பலத்தை வால்யூம் கணக்கில் சொல்வார்கள். 10 வால்யூம் என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு 3 சதவீதம், 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. நரை எவ்வளவு, முன்பு போட்ட சாயம் என்ன, முடி எவ்வளவு களைத்திருக்கிறது என்று பார்த்து, வேருக்கு ஒரு கலவை, நுனிக்கு ஒரு கலவை என்று முடிவு செய்வார்கள். கடையில் கிடைக்கும் பெட்டிச் சாயத்துக்கு அந்த வசதி இல்லை. யார் தலையில் படப்போகிறது என்று தெரியாமலே தயாரிக்கப்படுவதால், எல்லோருக்கும் ஓரளவு பிடிக்கும்படி ஒரே பலத்தில் செய்தாக வேண்டும். இரண்டு பெட்டியையும் ஒரே ஆலை செய்திருந்தாலும் தலையில் விளைவு வேறாகத்தான் இருக்கும்.

ஷாம்புவுக்கு வந்தால் கோடு மங்குகிறது. சலூன் அலமாரியில் நிற்கும் ஷாம்புவைக் கடையில் விற்கக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. அது வணிக முடிவு, அவ்வளவுதான். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் சலூன் ஷாம்பு, கடை ஷாம்பு இரண்டிலும் முதலில் நீர், அடுத்து பெரும்பாலும் சோடியம் லாரெத் சல்ஃபேட் அல்லது அதன் உறவுக்காரப் பொருள், பிறகு கோகமிடோப்ரோபைல் பீட்டெயின், எல்லாம் நுரைத்து அழுக்கு நீக்கும் பொருட்கள்தான். ஒரே குழுமமே இரண்டு பக்கமும் விற்கிறது என்பதும் வாடிக்கையாளருக்குத் தெரியும்: லோரியாலிடம் சலூனுக்கென்று 1964-இலிருந்து கெராஸ்டாஸ் இருக்கிறது, கடைக்கென்று வேறு வரிசைகள் இருக்கின்றன. "அப்படியானால் எதற்கு இரண்டு மடங்கு விலை?" என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வி.

லேபிள் அதற்குப் பதில் சொல்லாது. சேர்மானங்களை அளவின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும், ஆனால் 1 சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். முடியை வழவழப்பாக்கும் விலை உயர்ந்த பொருள் பலவும் அந்த ஒரு சதவீதத்துக்குள்தான் அடங்கியிருக்கும். ஒன்றில் 0.8, இன்னொன்றில் 0.05 என்று இருந்தாலும் லேபிளில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். அமிலத்தன்மை எவ்வளவு, வாசனை எத்தனை நேரம் நிற்கும், சாயத்தை எவ்வளவு கழுவிக்கொண்டு போகும் என்பதெல்லாம் பட்டியலில் வராது. ஆக, சலூன் பாட்டில் சிறந்ததாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தினமும் இருபது தலையில் போட்டுப் பார்ப்பவருக்குத்தான் அது தெரியும். அவருடைய அந்த அறிவுக்குத்தான் உண்மையில் விலை. பாட்டிலுக்குள் அந்த அறிவை அடைத்து விற்கப் போனதால்தான், பாட்டில் வேறிடத்தில் கிடைத்ததும் அறிவுக்கும் விலை இல்லாமல் போனது.

சலூன்கள் வளர்த்துவிட்ட பெயர்

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஓலாப்ளெக்ஸ். 2014-இல் வந்தது. பிளீச் செய்யும்போது முடிக்குள் உடையும் பிணைப்புகளை மறுபடி இணைக்கும் என்று சொல்லிக்கொண்டு, ஒரே ஒரு வேதிப்பொருளை மையமாக வைத்து வந்த வரிசை அது. எண் போட்டு வந்த அதன் பொருட்களில் முதல் இரண்டு எண்களும் சலூனில் மட்டும் போடுவதற்கு. மூன்றாம் எண் வாடிக்கையாளர் வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு.

முடிக்குள் பிணைப்பு என்றால் என்ன, அது ஏன் உடைகிறது, எண்ணெய் தேய்ப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று மக்களுக்கு விளக்கியவர்கள் யார்? பிளீச் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரே கதையைச் சொன்ன முடி திருத்துநர்கள். முன்னும் பின்னும் படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போட்டவர்களும் அவர்களே. சில ஆண்டுகளில் அந்தப் பெயர் வீட்டுப் பெயராகிவிட்டது. பிறகு அதே மூன்றாம் எண் பெரிய அழகுசாதனக் கடைச் சங்கிலிகளிலும் ஆன்லைனிலும் வந்தது. 2021-இல் நிறுவனம் பங்குச் சந்தைக்கும் போனது. நிறுவனத்தின் பக்கம் இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. வளர வேண்டும் என்றால் சலூனின் எல்லை சிறியதுதான். ஆனால் கதை சொல்லி வளர்த்தவர்களின் அலமாரியில் மூன்றாம் எண் அதன்பின் எப்படி ஓடியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

2020-இல் ஊரடங்கு வந்து பல நாடுகளில் சலூன்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது இந்தப் போக்கு வேகம் பிடித்தது. வேரில் நரை தெரிய ஆரம்பித்தவர்கள் கைக்குக் கிடைத்த இடத்தில் வாங்கினார்கள். தயாரிப்பாளர்களும் நேரடி விற்பனைக்கு வாசலைத் திறந்தார்கள். திறந்த வாசலைப் பிறகு யாரும் மூடுவதில்லை.

நாற்காலிக்குப் பின்னால் இருப்பவர்

வெளியில் இருக்கும் காரணங்களோடு உள்ளே ஒரு தயக்கமும் இருக்கிறது. கத்தரியைக் கையில் எடுத்தவர் கடைக்காரராக வேண்டும் என்று இந்தத் தொழிலுக்கு வரவில்லை. "இதை வாங்குங்க" என்று சொல்ல அவருக்கு நா எழாது. சொன்னால் தன்னைப் பற்றி வாடிக்கையாளர் தப்பாக நினைப்பாரோ, அடுத்த முறை வேறு நாற்காலிக்குப் போய்விடுவாரோ என்ற பயம். முதலாளி மாதத்துக்கு இத்தனை பாட்டில் என்று இலக்கு வைத்தால் பயம் இன்னும் கூடும். இலக்கு வைத்த இடத்தில் பேச்சின் தொனியே மாறிவிடும். வறண்ட முடியோ எண்ணெய் வழியும் முடியோ, அந்த மாதம் தேங்கிய சரக்கே எல்லோருக்கும் பரிந்துரையாகும். தலை வைத்துப் படுத்திருப்பவருக்கு அது புரியாமல் போகாது. ஒரு முறை அப்படி உணர்ந்துவிட்டால் அவர் அடுத்து எந்தப் பரிந்துரையையும் நம்ப மாட்டார், உண்மையான பரிந்துரையையும் சேர்த்துத்தான்.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியைப் பார்த்திருக்கிறேன். சாயம் போட்டு முடித்த ஒரு பெண்மணி, அலமாரியைக் காட்டி "இதுல எது வாங்கணும்?" என்றார். முடி திருத்துநர் முடியை விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஷாம்பு உங்க வீட்டுல இருக்கறதே போதும்மா, அது ஒண்ணும் பண்ணாது. இந்த மாஸ்க் மட்டும் வாரம் ஒரு தடவை போடுங்க. தலைக்குத் தண்ணி ரொம்பச் சூடா விடாதீங்க, கலர் அதுலதான் போகுது" என்றார். ஒரு சின்னக் காகிதத்தில் என்ன சாயம், எத்தனை வால்யூம், என்ன தேதி, மாஸ்க் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண்மணி மாஸ்க்கை அங்கேயே வாங்கினார். கைபேசியை எடுக்கவில்லை. வேண்டாம் என்று ஒன்றைச் சொன்னதால்தான் வேண்டும் என்று சொன்ன இன்னொன்றுக்கு மதிப்பு வந்தது.

தப்பிக்கச் சலூன்கள் எடுத்திருக்கும் வழிகள் பல, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. சிலர் சொந்தப் பெயரில் தயாரித்து வாங்குகிறார்கள். விலையை ஒப்பிட முடியாது என்பது பெரிய வசதி. ஆனால் குறைந்தபட்ச ஆர்டர் பெரியது, யாரும் கேள்விப்படாத பெயரை நம்பவைக்க வேண்டும், பொருளால் கெடுதல் வந்தால் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டியவர் பாட்டிலில் பெயர் போட்டவராகத்தான் இருப்பார். சில தயாரிப்பாளர்கள் சலூனுக்கென்று தனி இணைப்பு கொடுத்து, அதன் வழியாக வாடிக்கையாளர் வாங்கினால் ஒரு பங்கு கமிஷன் அனுப்புகிறார்கள். சரக்கு முடங்காது என்பதால் சிறிய சலூனுக்கு இது உண்மையிலேயே நல்லது. பங்கு சிறிது, வாடிக்கையாளரின் முகவரி தயாரிப்பாளரிடம் போய்விடும் என்பது மறுபக்கம். இன்னும் சிலர் பாட்டிலை விட்டுவிட்டு, முடியைப் பார்த்து ஆலோசனை சொல்வதற்கே தனிக் கட்டணம் வைத்து, அங்கேயே பொருள் வாங்கினால் அதைக் கழித்துக்கொள்கிறார்கள். எனக்கு மிகவும் நேர்மையாகத் தெரிவது இதுதான். இத்தனை நாள் இலவசமாகப் போன உழைப்புக்கு முதல் முறையாகப் பெயரும் விலையும் கிடைக்கிறது. முதல் சில மாதம் முணுமுணுப்பு இருக்கும், அதைத் தாங்கும் தெம்பு எல்லாச் சலூனுக்கும் இருக்காது என்பதும் உண்மை.

எந்த வழியில் போனாலும், புதிய வரிசை ஒன்றைக் கொண்டுவரும் விற்பனைப் பிரதிநிதி மேசைக்கு எதிரே உட்காரும்போது கேட்க வேண்டியவை சில இருக்கின்றன, பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இந்தப் பொருள் இப்போது வேறு எங்கே விற்கிறது, ஆன்லைனில் என்ன விலைக்குக் கிடைக்கிறது, அது உங்கள் அனுமதியோடுதானா? நின்றுபோன சரக்கை எத்தனை மாதத்துக்குள் திரும்ப எடுப்பீர்கள்? நாளை பெரிய கடைகளுக்குக் கொடுக்க முடிவெடுத்தால் எங்களுக்கு எத்தனை நாள் முன்பு சொல்வீர்கள், அன்று எங்கள் அலமாரியில் இருக்கும் பாட்டில்களை என்ன செய்வீர்கள்? வாயால் சொல்வதை எழுத்தில் தருவீர்களா? பிரதிநிதி சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினால், அந்த வரிசையிலிருந்து நாற்காலியில் பயன்படுத்துவதற்கு வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொண்டு, விற்பனை அலமாரியை அதற்குத் தராமல் இருப்பது நல்லது.